ஃபேர்வெதர் கப்பலின் கடைசி வெடி

தூர்வாரும் டிரெட்ஜர் அதைக் கடலுக்கடியிலிருந்து கிளறி மேலே கொண்டுவந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம், பனைமரத் தூர் அளவுக்குப் பருமன். மேலெல்லாம் சிப்பியும் பவளக்கல்லும் சுண்ணாம்புமாக அப்பிக் கிடந்தது. பழைய குழாய் என்றார்கள் சிலர். ஏதோ கப்பலின் உடைந்த அச்சு என்றார்கள் வேறு சிலர். கிரேன்காரர் அதைத் தூக்கி வந்து துறைமுகத்து யார்டின் மூலையில் போட்டுவிட்டுப் போனார். எண்பத்தைந்தாம் வருஷம், ஷார்ஜாவில் வெயில் ஏறத் தொடங்கிய நேரம் அது. அந்தக் கோடை முழுவதும் அங்கேயே கிடந்து அது காய்ந்தது.

அதற்கு உபயோகம் கண்டுபிடித்தவன் அழகுமலை. மத்தியானச் சோற்றுக்கு அதன்மேல் கால் இரண்டையும் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வான். "மாமனார் வீட்ல சீதனமா குடுத்த யானைல்ல இது" என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சோலைமுத்து அதைக் கேட்டு முறைப்பான். அந்த மாமனார் சோலைமுத்துவின் அப்பாதான். அழகுமலை கட்டியிருந்தது சோலைமுத்துவின் அக்கா நாகவள்ளியை. மச்சானும் மாப்பிள்ளையுமாக முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரே விசாவில், ஒரே விமானத்தில் வந்து, ஒரே அறையில் மேலும் கீழுமாகக் கட்டில் போட்டுப் படுத்தவர்கள். சோலைமுத்து கேஸ் கட்டிங் வேலை பார்த்தான். அழகுமலை அவனுக்கு ஹெல்ப்பர். "வீட்ல நான் மாப்பிள்ளை முறுக்கோட இருக்கேன், இங்க வந்து மச்சானுக்குச் சிலிண்டர் தூக்குறேன்" என்று அதையும் சொல்லிச் சிரிப்பான்.

மார்க்கண்டு அந்த யார்டின் ஸ்டோர் கீப்பர். இலங்கையில் ஊர்காவற்றுறைக்காரர். ஐம்பதை நெருங்கியவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவியையும் மகள்களையும் மெட்ராஸில் ஒரு வாடகை வீட்டில் இருத்திவிட்டு, ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அந்த இருவர் ஸ்டோர் வாசலுக்கு வந்தால் மட்டும் அவர் முகம் இளகும். அவர்களுடைய தமிழ் அவருக்கும் அவருடைய தமிழ் அவர்களுக்கும் வேடிக்கை.

அன்று காலையில் போர்மேன் ஷம்சாத் ஸ்டோருக்கு வந்தார். புது கிரேன் வரப்போகிறது, மூலையில் கிடக்கும் அந்தக் கட்டையை வெட்டி எடுத்துவிட வேண்டும், சோலைமுத்துவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். "ஜல்தி, பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தி மேஜையைத் தட்டினார். மார்க்கண்டு சிலிண்டரை உருட்டிவிட்டார். அழகுமலை அதைத் தோளோடு அணைத்துக் கொண்டுபோனான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சோலைமுத்து தலையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "வெட்டுப்பட மாட்டேங்குதுண்ணே. என்ன இரும்போ. சூடுதான் ஏறிக்கிட்டே போகுது."

"அப்ப விட்டிட்டு ஷம்சாத்திட்டச் சொல்லன்."

"அந்தாளு வைவாருண்ணே. மச்சான் அந்தப் பக்கம் சிப்பி ஓட்டக் கொத்தி எடுத்துக்கிட்டு இருக்கு. ஓட்டைத் தட்டிட்டா வெட்டுப்படும்னு சொல்லுது."

அவன் போய்விட்டான். மார்க்கண்டு பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். யார்டின் மூலையிலிருந்து அழகுமலையின் குரல் நன்றாகக் கேட்டது. "மாப்ள, இது குழாதான்டா! வாய் தெரியுது. உள்ள என்னமோ அடைச்சிருக்கு, இரு, பாக்குறேன்."

அதற்குப் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. தகரக் கூரை ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. அலமாரியிலிருந்த போல்ட்டுப் பெட்டிகள் தாமாகவே கீழே குதித்தன. மார்க்கண்டுவின் கையிலிருந்த தேநீர் அவர் சட்டையில் இருந்தது. வெளியே யாரோ "ஈரான்! ஈரான் அடிச்சிட்டான்!" என்று கத்தினார்கள். ஈரான்-ஈராக் சண்டையில் வளைகுடாவின் எண்ணெய்க் கப்பல்கள்மேல் ஏவுகணை விழுந்துகொண்டிருந்த காலம். ஆட்கள் கன்டெய்னர்களுக்கு அடியில் நுழைந்தார்கள்.

மார்க்கண்டு ஓடினார். ஏன் அந்தத் திசையில் ஓடினார் என்று அவருக்கே தெரியாது. யார்டின் மூலை முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகையின் வாசம்தான் அவரைத் திடுக்கிட வைத்தது. டீசல் நாற்றமில்லை, கேஸ் நாற்றமில்லை. கோயில் திருவிழாவில் வாணம் விட்டு முடிந்ததும் வீதியில் நிற்குமே, அந்த வாசம். நாற்பதடி தள்ளி நின்றிருந்த தண்ணீர் லாரியின் வயிற்றில் ஒரு வட்டமான துளை. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

அழகுமலை உட்கார்ந்திருந்த இடத்தில் அழகுமலை இல்லை. இருந்ததை மார்க்கண்டு ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார். அது போதவில்லை.

சோலைமுத்து மறுமுனையில் நின்றிருந்தான். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கையில் டார்ச் இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. மார்க்கண்டு கிட்டப் போய் வால்வைத் திருகி அணைத்தார். அவன் அவரைப் பார்த்து, செவிடனிடம் பேசுவதுபோல உரக்கக் கேட்டான்: "அண்ணே, மச்சான் எங்கண்ணே? இப்ப இங்கதான பேசிக்கிட்டிருந்துச்சு?"

அவனுக்குத்தான் காது கேட்கவில்லை. மார்க்கண்டு சொன்ன எதுவும் அவனை எட்டவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, புகைக்குள் நடந்து, மச்சானைத் தேட ஆரம்பித்தான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது.

போலீஸ் வந்ததும் ஷம்சாத் சொன்ன முதல் வார்த்தை, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது. இரும்பைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்க அந்த இரண்டு பேரும் தாங்களாகவே போயிருக்கிறார்கள் என்றார். அவர் கெட்டவரில்லை. கண்ணெதிரே நடந்ததில் அவருக்குப் புத்தி பேதலித்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. சோலைமுத்துவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மார்க்கண்டு அறைக்குப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அவரது பாஸ்போர்ட்டைப் பார்த்தால் எவனும் அடுத்ததாக என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும். இலங்கைத் தமிழன், வெடி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு அதிகாரிக்கு எவ்வளவு நேரமாகும்? விசா கொடுத்த கபீல் வேலையை விட்டுத் தூக்கினால் மெட்ராஸில் மூன்று பேர் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் யோசித்து முடித்தபோது பார்த்தால், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோலா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நிலையத்தில் இருந்த அதிகாரி இளைஞர். நிதானமானவர். நல்ல ஆங்கிலம். சோலைமுத்துவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் வைத்த தண்ணீரை அவன் தொடவில்லை.

"இவனுக்கு எந்த மொழியும் தெரியவில்லை. நீங்கள் இந்தியரா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஸ்ரீலங்கா, சேர்."

"தமிழா?"

"ஓம்... யெஸ், சேர்."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். "உங்கள் ஊரில் குண்டு வெடிக்கிறது, இல்லையா?"

"அதுக்குப் பயந்துதான் சேர் இங்க இருக்கிறன்" என்றார் மார்க்கண்டு. பயத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தது. பிறகு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு முழு ஆங்கிலத்தில் சொன்னார்: சிலிண்டரைக் கொடுத்தது நான். கொடுக்கச் சொன்னது போர்மேன். இந்தப் பையன் எதையும் திருடவில்லை. செத்தவன் இவனுடைய அக்கா புருஷன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அது அவருக்குப் புதுச் செய்தி. உள்ளே ஆளனுப்பினார். பக்கத்து அறையில் காத்திருந்த ஷம்சாத் வந்து நின்றார். மார்க்கண்டுவைப் பார்த்தார், சோலைமுத்துவைப் பார்த்தார், பிறகு சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "மைனே போலா, சாப். நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

"அப்படியானால் வெடித்தது என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

பதிலைக் கொண்டுவந்தவர் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். புதிதாகத் தொடங்க இருந்த ஒரு அருங்காட்சியகத்துக்கு ஆலோசகராக வந்திருந்தவர். யார்டில் கடலிலிருந்து எடுத்த பழைய இரும்பு ஒன்று வெடித்துவிட்டது, வந்து பாருங்கள் என்று மட்டுமே அவருக்குத் தகவல் போயிருந்தது. நேராக யார்டுக்குப் போய், எல்லாம் கழுவித் துடைத்தபின் கிடந்த இரும்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முழங்காலில் சேறு, கழுத்தில் கேமரா. வயதான மனிதர், முகத்தில் சின்னப்பிள்ளையின் சந்தோஷம்.

"எனக்கு நம்பவே முடியவில்லை" என்று உள்ளே வரும்போதே சொன்னார். "இந்தக் கப்பலைப் பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன். அங்கே கிடப்பது அதன் பீரங்கி, பக்கவாட்டு அச்சில் எண் அப்படியே இருக்கிறது. ஃபேர்வெதர். அதேதான்!"

அதிகாரி அவருக்கு நாற்காலி காட்டி, மார்க்கண்டுவிடம், "அந்தப் பையனுக்கும் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

ஹார்வுட் பேசப் பேச மார்க்கண்டு சோலைமுத்துவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார். அவனுக்கு ஒரு காது கொஞ்சம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"தம்பி, நீங்கள் வெட்டினது பீரங்கியாம். இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீசுக்காரற்ர கப்பல். ஸ்லூப் எண்டு சொல்லுறார், சின்னச் சண்டைக் கப்பல். பேர் ஃபேர்வெதர். நல்ல காலநிலை எண்டு அர்த்தம்."

ஹார்வுட் கப்பலின் கதையைத் தொடர்ந்து சொன்னார்.

தேம்ஸ் நதிக்கரையில் கட்டிய கப்பல் அது. முதல் சில வருஷங்கள் இங்கிலீஷ் கால்வாயில் கள்ளச் சாராயமும் தேயிலையும் கடத்தும் படகுகளைத் துரத்தியது. ஒன்றையும் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் சண்டை வந்தபோது சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக அட்லாண்டிக்கில் அங்குமிங்கும் போய்வந்தது. எதிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு கீழ்த்திசைக்கு அனுப்பினார்கள். மெட்ராஸில் ஹைதர் அலியோடு யுத்தம், பஞ்சம். வங்காளத்திலிருந்து அரிசி ஏற்றி வந்து இறக்கியது. நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தபோது காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது.

"நாகப்பட்டினமா?" என்று சோலைமுத்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். "நம்ம நாகப்பட்டினமாண்ணே?"

"ஓம். அங்கயிருந்து திருகோணமலைக்கு." மார்க்கண்டு அந்தப் பேரை இரண்டு தடவை சொன்னார். தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போன கப்பல். "உங்கட கடலாலயும் எங்கட கடலாலயும் போய் வந்திருக்குது, தம்பி."

ஹார்வுட் உற்சாகத்தில் எழுந்தே விட்டார். பம்பாயிலிருந்து பஸ்ராவுக்குத் தபால் கொண்டுபோனதுதான் அதன் கடைசிப் பயணம் என்றார். இந்தக் கரையோரம் வரும்போது ஷமால் என்னும் பெரிய மணற்காற்று. புழுதி மூட்டத்துக்குள் இரண்டு பாய்மரங்கள் நேரே வருவது தெரிந்தது. கொள்ளைக்காரர் என்று நினைத்து, பீரங்கிகளுக்கு மருந்தும் குண்டும் போட்டு நிரப்பச் சொன்னார் கேப்டன். திரியைக் கொளுத்தியும் பிடித்தாயிற்று. ஆனால் சுடும்படி சொல்லவில்லை. கிட்ட வந்தபோது பார்த்தால், அதே காற்றுக்குப் பயந்து கரைக்கு ஓடிவரும் முத்துக்குளிப்பவர்களின் படகுகள். கொஞ்ச நேரத்தில் கப்பல் மணல் திட்டில் ஏறி உடைந்தது. எந்தப் படகுகளைச் சுடப் பார்த்தார்களோ, அந்தப் படகுகள்தான் திரும்பி வந்து கப்பலில் இருந்த அத்தனை பேரையும் ஏற்றிக் கரைசேர்த்தன. ஒருவர்கூடச் சாகவில்லை. பீரங்கியில் நிரப்பிய மருந்தும் குண்டும் மட்டும் சுண்ணாம்பு அடைத்த வாய்க்குள் அப்படியே இருந்து, தீயின் சூடு ஏறியதும் வெடித்திருக்கிறது.

சோலைமுத்து மார்க்கண்டுவின் கையைப் பிடித்தான். "அண்ணே, அவருகிட்ட ஒண்ணு கேளுங்க. அந்தக் குண்டு யாருக்குண்ணே போட்டு வெச்சாக?"

"முத்துக் குளிக்கிற ஆக்களுக்காம்."

"அவுக என்ன செஞ்சாக?"

"ஒண்டும் செய்யேல்லை, தம்பி. காத்துக்குப் பயந்து வீட்டுக்கு ஓடினவை."

ஹார்வுட் தன் கதையின் முடிவுக்கு வந்திருந்தார். இதைச் சொல்லத்தான் அவர் இத்தனை நேரமும் காத்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. "எத்தனையோ போர்க்கப்பல்களின் வரலாறு படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ராஜாவின் பிறந்தநாள் மரியாதைக்கு வெற்று வெடி போட்டதோடு சரி. இதன் பீரங்கிகள் ஒரு மனிதனைக்கூடக் கொன்றதில்லை. என்ன அதிர்ஷ்டக்காரக் கப்பல் பாருங்கள்!"

மார்க்கண்டு மொழிபெயர்ப்பதை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த அத்தனை தமிழிலும் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை.

"என்னண்ணே நிறுத்திட்டீக? என்ன சொல்றாக?"

மார்க்கண்டு ஆங்கிலேயரின் பக்கம் திரும்பினார். "சேர், இண்டைக்குக் காலமை இது ஒரு ஆளைக் கொன்றது. வாய்க்கு நேரே இருந்தவன். இந்தப் பிள்ளையின் அக்கா புருஷன். தீயைப் பிடிச்சது இந்தப் பிள்ளை." பாதி தமிழில் வந்துவிட்டது என்று உணர்ந்து, மறுபடி முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹார்வுட் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஆமாம் என்று தலையசைத்தார். கிழவரின் முகத்திலிருந்த நிறம் அப்படியே இறங்கியது. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "எனக்குச் சொல்லவில்லை" என்றார். "தண்ணீர் லாரி சேதம் என்றார்கள். தரையைக் கழுவியிருந்தார்கள், நான்... நான் அங்கே மண்டியிட்டு..." தன் முழங்கால் சேற்றைப் பார்த்தார். அதைத் தட்டிவிடக் கை போயிற்று, பாதியில் நின்றுவிட்டது. கேமராவைக் கழற்றிக் காலடியில் வைத்தார். பிறகு, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

அது மட்டும் சோலைமுத்துவுக்கு மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்தது. "அழகுமலை" என்றான். ஆங்கிலேயரின் நாக்கு அதில் இடறியது. சோலைமுத்து மறுபடி சொன்னான். அவர் சரியாகச் சொல்லும்வரை, கோபமில்லாமல், திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவனை அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

நாகவள்ளிக்குத் தந்தி போயிருந்தது. புருஷன் இறந்துவிட்டான் என்பதுமட்டும்தான் அதில். எப்படி என்று இல்லை. முதுகுளத்தூரில் ஒரு அரிசி மில்லில் போன் இருந்தது. அங்கே அவளை வரவழைத்து நிறுத்தச் சொல்லி ஏற்பாடாயிற்று. ரோலாவில் ஆட்கள் வரிசையில் நிற்கும் போன் கூண்டுக்கு மார்க்கண்டுதான் அவனை அழைத்துப் போனார். வழியெல்லாம் அவன் ஒன்றையே கேட்டான். "கிரேன் கம்பி அறுந்து விழுந்துச்சுன்னு சொல்லிரவாண்ணே?"

எண்பத்து மூன்றில் கொழும்பிலிருந்து மார்க்கண்டுவுக்கும் ஒரு போன் வந்தது. தம்பிக்கு மாரடைப்பு என்றார்கள். அவர் நோகக்கூடாதென்று சொன்ன பொய். கலவரத்தில் கொன்றார்கள் என்ற நிஜத்தை ஆறு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டுப் பந்தலில், யாரோ ஒரு அந்நியன் வாயிலிருந்து கேட்டார். அன்றைக்குத் தம்பி அவருக்கு இரண்டாந்தரம் செத்தான்.

"நடந்ததைச் சொல்லு, தம்பி" என்றார். "அவ நம்பாட்டிலும் பறவாயில்லை. சொல்லு."

ட்ரங்க் கால் என்பதால் இரண்டு பக்கமும் கத்தித்தான் பேச வேண்டும். கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாது. நாகவள்ளியின் குரல் வெளியே நின்ற மார்க்கண்டுவுக்கும் கேட்டது.

சோலைமுத்து சொன்னான். கடலில் கிடந்த இரும்பு, கப்பல், பீரங்கி, உள்ளே இருந்த குண்டு, தன் கையிலிருந்த தீ. எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். பிறகு, "யாருடா சுட்டது?" என்றாள்.

"யாரும் சுடலக்கா. எரநூறு வருசத்துக்கு முந்தி ரொப்பி வெச்சது."

"ரொப்பி வெச்சவன் எங்க இருக்கான்?"

"செத்துப்போயிட்டாகக்கா. எல்லாரும் எப்பவோ செத்துப்போயிட்டாக."

"அந்தச் சண்டை?"

"அது முடிஞ்சு போச்சுக்கா."

மறுபடி இரைச்சல். பிறகு அவள் குரல் உடைந்து, கூண்டுக் கண்ணாடியில் வந்து மோதியது. "அப்ப நான் யாரைடா வைவேன்? ஏலே, நான் யாரைடா வைவேன்?"

"என்னைய வையிக்கா" என்றான் சோலைமுத்து.

அவள் வைதாள். மண்ணை வாரித் தூற்றினாள் என்பார்களே, அரிசி மில்லில் மண் இருந்ததோ உமி இருந்ததோ, தூற்றியதுபோலத்தான் இருந்தது. அவன் கையை, கண்ணை, அவன் பிறந்த நாளை, அவனோடு தன் புருஷனை அனுப்பிவைத்த தன் புத்தியை, ஒன்றையும் விடவில்லை. அவன் ரிசீவரை நல்ல காதில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினான். வரிசையில் நின்ற மலையாளிகளும் பட்டாணியர்களும் ஒன்றும் புரியாவிட்டாலும் இரண்டடி பின்வாங்கி நின்றார்கள். ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

நடுவில் லைன் அறுந்தது.

சோலைமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினான். கண்ணீரும் வியர்வையுமாக முகம் நனைந்திருந்தது. வெடித்ததிலிருந்து அவன் அழுது மார்க்கண்டு பார்த்தது அப்போதுதான். "அண்ணே, இன்னொருக்கா போட்டுக் குடுங்கண்ணே. அது இன்னும் முடிக்கல."

மார்க்கண்டு போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரமே மச்சானின் சவப்பெட்டியோடு அவன் ஊருக்குப் போனான். மார்க்கண்டு விமான நிலையம்வரை கூடப் போனார். உள்ளே போவதற்குமுன் திரும்பி வந்து மார்க்கண்டுவின் காலைத் தொட்டான். அவர் பதறிப்போய் அவனைத் தூக்கினார். வளைகுடாவுக்கு அவன் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் முதுகுளத்தூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: அக்காளின் நிலத்தை அவன்தான் உழுகிறான். அவள் அவனோடு இன்னும் பேசுவதில்லை. மத்தியானமானால் வரப்பில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, அவன் பக்கம் பாராமல் திரும்பிப் போகிறாள். சோறு சூடாகத்தான் இருக்கிறதாம்.